ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஆறு மாதக் கர்ப்பிணிக்கும் மூளைக் கட்டி: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் கேள்வி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து. அக்கா மகனுக்கு ஐந்து வயது, ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி, வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள், அப்புறம் ஒரு கண் உள்பக்கம் திரும்பியது, நடை தள்ளாடியது. சி.டி. ஸ்கேனில் சிறுமூளையில் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் கட்டியும் மூளைக்குள் நீர்த்தேக்கமும் தெரிந்திருக்கிறது. இரண்டு நாளில் ஆபரேஷன் என்கிறார்கள், குடும்பமோ பிள்ளையைச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறது. இரண்டாவது அதே ஊரின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து. மனைவிக்கு 24 வாரக் கர்ப்பம், திடீரென்று வலிப்பு வந்தது, எம்.ஆர்.ஐ.யில் சின்ன மெனிஞ்சியோமா, அதாவது மூளையின் உறையில் வரும் கட்டி. டாக்டர்கள் வலிப்பு மாத்திரை கொடுத்து, பிரசவம் வரைக்கும் கவனித்துப் பார்ப்போம் என்கிறார்கள். கணவருக்கு அது அலட்சியமாகப் படுகிறது. அவருடைய அம்மா, கருவைக் கலைத்துவிட்டு உடனே தலையைத் திறக்கச் சொல்கிறார்.

ஒரு வீட்டில் தள்ளிப்போட நினைக்கிறார்கள், அங்கே தள்ளிப்போட முடியாது. இன்னொரு வீட்டில் அவசரப்படுகிறார்கள், அங்கே அவசரம் இல்லை. இரண்டு வீட்டிலும் எல்லோரும் கேட்பது "கேன்சரா, இல்லையா" என்றுதான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபரேஷன் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில் இல்லை, தலைக்குள் இருக்கும் அழுத்தம்தான். நான் டர்பனில் மயக்க மருந்து டாக்டர், வேலையில் பெரும்பகுதி மூளை ஆபரேஷன் தியேட்டரில்தான் போகிறது. நான் உங்கள் ஸ்கேன்களைப் பார்க்கவில்லை, கடைசி வார்த்தை பார்த்த டாக்டர்களுடையது. அவர்கள் சொல்வதை நீங்கள் புரிந்துகொண்டு சரியான கேள்விகளைக் கேட்க இது உதவும் என்று எழுதுகிறேன்.

மண்டையோடு விரியாது. அதற்குள் மூளை, ரத்தம், மூளைநீர் மூன்றும் இருக்கின்றன, கட்டி நாலாவதாக வந்து உட்கார்ந்தால் மற்றவை இடம் விட வேண்டும். மெதுவாக வளரும் கட்டிக்கு மூளை வருஷக்கணக்கில் ஒதுங்கிக்கொடுக்கும். அதனால்தான் சில பெண்களுக்குப் பெரிய மெனிஞ்சியோமா இருந்தும் ஒரு தலைவலிகூட இருக்காது. சிறுமூளையில் வரும் கட்டி அப்படியில்லை. அந்த இடத்தில்தான் மூளைநீர் வெளியேறும் குறுகிய வழி இருக்கிறது, நாலாவது அறை என்பார்கள். சமையலறைத் தொட்டியின் ஓட்டையில் ஏதாவது சிக்கினால் மேலே தண்ணீர் ஏறுவது போல, அங்கே அடைத்தால் மேலே உள்ள அறைகளில் நீர் தேங்கி வீங்கும். மூளைநீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு, குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவாக, இடைவிடாமல் சுரந்துகொண்டே இருப்பது. அது போக வழி இல்லை என்றால் பிள்ளை மணிக்கணக்கில் மோசமாகலாம். காலை நேர வாந்திக்கும் காரணம் இதுதான்: இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது அழுத்தம் ஏறி நிற்கிறது. வாந்தி எடுத்ததும் பிள்ளை கொஞ்சம் தெளிந்து விளையாடப் போய்விடும், வீட்டில் எல்லோரும் வயிற்றுக் கோளாறு என்றே நினைப்பார்கள். கண் திரும்பியதும் அழுத்தத்தின் வேலையாகவே இருக்கலாம். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் ஆறாவது நரம்பு அழுத்தத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அதனால் அக்காவிடம் சொல்லுங்கள், ஒரு மாதம் போய்விட்டதே என்று அவர் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் பெற்றோருக்காகவும் கிளினிக் நர்ஸ்களுக்காகவும் 'சிலுவான்' என்ற பெயரில் எச்சரிக்கை அறிகுறிகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த மாறுகண், நடை தள்ளாட்டம், குணமாற்றம், தொடரும் தலைவலி, தலை பெரிதாவது, கற்றுக்கொண்ட வளர்ச்சிப் படிகளை இழப்பது எல்லாம் அதில் உண்டு. கைக்குழந்தைகளுக்கு மண்டை எலும்புகள் இன்னும் இணையாததால் தலை வளர்ந்து இடம் கொடுத்துவிடும், வாந்தி தாமதமாகத்தான் வரும். பிள்ளையின் வளர்ச்சியை எழுதிவைக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் தலைச்சுற்றளவு எழுதும் கட்டத்தை யாரும் காலியாக விடாதீர்கள் என்று நான் எங்கே போனாலும் சொல்வேன்.

சரி, சென்னை விஷயம். வேலூரிலும் சென்னையிலும் அருமையான நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீர் தேங்கி அழுத்தம் ஏறிய பிள்ளையை இத்தனை நீண்ட விமானப் பயணத்தில் ஏற்றுவது பெரிய ஆபத்து. பாதி வழியில் மயங்கினால் அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது. முதலில் அழுத்தத்தை இறக்குவது இங்கே, இப்போதே நடக்க வேண்டும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் ஸ்கேன் படங்களை சி.டி.யில் வாங்கி அனுப்புங்கள், பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் இந்த வேலைக்கான அரசு மருத்துவமனை கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி சென்ட்ரல் ஹாஸ்பிட்டல். 2002இல் திறந்தது, நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது, ஆர்.கே. கான் அல்லது மகாத்மா காந்தி மெமோரியல் போன்ற மருத்துவமனை டாக்டர் பேசி அனுப்ப வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அது நடந்துவிட்டது, பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கேப் டவுனில் இருக்கும் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையும் இதில் பெயர் பெற்றது, ஆனால் அழுத்தம் ஏறிய நிலையில் ஊர் ஊராக மாற்றுவதைவிட அருகில் இருப்பதுதான் நல்லது.

பணம் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களாக இருந்தால், அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். 1994இல் மண்டேலா அறிவித்தது, பிறகு தேசிய சுகாதாரச் சட்டத்திலும் வந்துவிட்டது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் காசநோய் பற்றி, எச்.ஐ.வி. பற்றி, பன்றி வளர்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். சில குடும்பங்கள் இதில் மனம் புண்பட்டுப் போகின்றன. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாகாணத்தில் மூளைக்குள் தெரியும் உருண்டை எல்லாமே கட்டி இல்லை. காசநோய் முடிச்சு சிறுமூளையில் அச்சு அசலாகக் கட்டி போலவே தெரியும். நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கொப்புளங்களும் இங்கே சகஜம், பன்றிக்கறியைத் தொடாத சைவக் குடும்பத்துக்கும் கழுவாத காய்கறி, அசுத்தத் தண்ணீர் வழியாக அது வரும். இவற்றுக்கு மாத்திரைதான் முக்கியச் சிகிச்சை. ஒரு விஷயம் மட்டும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூளைக்காய்ச்சலோ காசநோயோ என்ற சந்தேகத்தில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது வழக்கம், அது நல்ல பரிசோதனை. ஆனால் தள்ளாட்டம், மாறுகண், மயக்கம் மாதிரி அறிகுறி இருக்கும் பிள்ளைக்கு ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். மேலே அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை இறக்கினால் மூளை கீழ்நோக்கி நழுவி மூளைத்தண்டை நசுக்கிவிடும். "ஸ்கேன் ஆகிவிட்டதா டாக்டர்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது ஆபரேஷன். முதலில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் குறைப்பார்கள், பிள்ளை ஒன்றிரண்டு நாளில் பசியோடு சாப்பிட ஆரம்பிக்கும், அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். கட்டி அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் நீர்த்தேக்கம். சில நேரம் மண்டையில் சின்னத் துளை வழியாகக் குழாய் வைத்து நீரை வெளியே ஒரு பையில் வடிப்பார்கள், சில நேரம் எண்டோஸ்கோப் மூலம் மூன்றாவது அறையின் தரையில் ஒரு துளை போட்டு மாற்று வழி திறப்பார்கள், சில பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் போகும் நிரந்தரக் குழாய், அதாவது ஷன்ட், வேண்டியிருக்கும். கட்டியை எடுத்ததும் வழி தானாகத் திறந்துகொள்ளும் பிள்ளைகளே அதிகம் என்பதால் ஷன்டை முதலிலேயே வைத்துவிடாமல் பொறுத்துப் பார்ப்பார்கள். ஷன்ட் வைத்த பிள்ளைக்கு எத்தனை வருஷம் கழித்துத் தலைவலியும் வாந்தியும் வந்தாலும் அது ஷன்ட் அடைப்பு என்று நினைத்தே ஓட வேண்டும்.

பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, பின்மண்டையின் நடுவே கீறி, எலும்பைத் திறந்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையிலுள்ள இயற்கையான மடிப்பு வழியாக உள்ளே போவார்கள். சிறுமூளையை வெட்டிக்கொண்டு போகாமல் மடிப்பைத் திறந்து போவது இந்தக் காலத்து முறை. கட்டியை அதிர்வால் உடைத்து உறிஞ்சும் கருவி, தியேட்டரிலேயே அல்ட்ராசவுண்ட், நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று காட்டும் மானிட்டர், எல்லாம் துணைக்கு இருக்கும். நாலு மணி நேரமும் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். நேரம் நீளுகிறது என்றால் ஏதோ கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் மூளைத்தண்டில் ஒட்டிய பகுதியில் ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பொறுமையாகப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அங்கே ஒட்டியிருக்கும் கடைசித் துண்டை விட்டுவிட்டு வருவது சில நேரம் மிகச் சரியான முடிவு. "முழுசாக எடுக்கவில்லையாமே" என்று வெளியே உறவினர்கள் பேசுவார்கள், ஆனால் அந்தத் துண்டுக்காக விழுங்கும் சக்தியையும் மூச்சையும் இழந்த பிள்ளையை யாரும் வெற்றி என்று சொல்ல மாட்டார்கள்.

மயக்க மருந்து டாக்டர்களான எங்கள் பக்கத்துக் கவலை ரத்தமும் உடம்புச் சூடும். ஐந்து வயதுப் பிள்ளை 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பெரியவர்களுக்குப் பொருட்படுத்தாமல் விடும் 300 மில்லி இழப்பு இங்கே ஐந்தில் ஒரு பங்கு. அதனால் ரத்தம் தயாராக இல்லாமல் நாங்கள் தொடங்கவே மாட்டோம், ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், அப்போது டாக்டர்களோடு சண்டை போடாமல் உறவினர்கள் நாலு பேர் ரத்த தானம் செய்யப் போனால் இந்த ஊரில் எல்லோருக்கும் நல்லது. மயக்க மருந்து பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்குமா என்றும் பெற்றோர் கேட்கிறார்கள். 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது உண்மை, அது பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளை வைத்து. கைக்குழந்தையாக இருக்கும்போது கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மயக்கத்தால், ஐந்து வயதில் பார்க்கும்போது எந்த வித்தியாசமும் இல்லை என்று பெரிய மனித ஆய்வு காட்டியது. மூளைக் கட்டியைப் பொறுத்தவரை கணக்கு தெளிவு: தலைக்குள் ஏறும் அழுத்தம் நிச்சயம் கெடுக்கும், மயக்க மருந்து பற்றியது சந்தேகம் மட்டும்.

நாள் நட்சத்திரம் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. நேர்த்திக்கடன் வையுங்கள், முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொள்ளுங்கள், ஆயா கையால் திருநீறு பூசிவிட்டு அனுப்புங்கள், தியேட்டர் வாசலில் பிரார்த்தனை செய்யும் குடும்பத்தை நான் ஒருபோதும் அவசரப்படுத்தியதில்லை. ஆனால் அழுத்தம் ஏறிய பிள்ளைக்கு ராகுகாலம் பார்த்துத் தேதியை மாற்றக் கேட்காதீர்கள். கோயிலுக்கு வேண்டிக்கொண்ட முடி பற்றியும் கேட்பார்கள்: கீறும் இடத்தில் ஒரு பட்டை அளவு மட்டும் எடுத்தால் போதும், மீதியை விட்டுவைக்கச் சொல்லலாம்.

ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளில் நடக்கக்கூடிய ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லாமல் விட்டால் வீடே உடைந்துபோகும். பிள்ளை கண் விழித்து, அம்மாவை அடையாளம் கண்டு, இரண்டு வார்த்தை பேசி, அதற்கு அடுத்த நாள் முற்றிலுமாகப் பேச்சை நிறுத்திவிடும். எரிச்சல், அழுகை, உடம்பு துவண்டு கிடக்கும். மெடுலோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுக்கட்டிக்கு ஆபரேஷன் செய்த பிள்ளைகளில் சுமாராக நாலில் ஒருவருக்கு இது வருகிறது. சிறுமூளையிலிருந்து முன்மூளைக்குப் போகும் பாதைகள் அதிர்ந்துபோவதால் வருவது. வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும், ஆனால் பல பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகவும் குழறலாகவும் இருக்கும், பள்ளியில் கவனம் சிதறும், ஸ்பீச் தெரபியும் பிசியோவும் நீண்ட காலம் தொடர வேண்டும். பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று அதட்டாதீர்கள். அதற்குப் புரிகிறது, பதில்தான் வரவில்லை.

முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தள்ளிப்போனால் காயத்தின் வீக்கத்தையும் மிச்சக் கட்டியையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். பயாப்ஸி முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், அந்த வாரம்தான் மிகவும் நீளமானது. இந்த வயதில், இந்த இடத்தில் முக்கியமாக மூன்று கட்டிகள். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்றால் முழுசாக எடுத்தபின் பெரும்பாலும் வேறு சிகிச்சையே வேண்டாம், பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். மெடுலோபிளாஸ்டோமா புற்றுநோய்தான், ஆனால் குணப்படுத்தக்கூடியது: பரவாமல் இருந்து, மிச்சம் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்குள் இருந்து, மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சும் கீமோவும் முறையாகக் கிடைத்தால் நல்ல மையங்களில் பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். கதிர்வீச்சை ஆபரேஷனிலிருந்து ஏழு வாரத்துக்கு மேல் தள்ளினால் அந்தக் கணக்கு கெடுகிறது, ஆகவே காயம் ஆறியதும் தேதி கேட்டு நச்சரியுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கதிர்வீச்சு வளரும் மூளையை மிகவும் பாதிக்கும், கீமோவை வைத்தே ஓட்டப் பார்ப்பார்கள். மூன்றாவது எபென்டைமோமா, அதில் எவ்வளவு முழுமையாக எடுத்தோம் என்பதுதான் எல்லாம், இரண்டாவது ஆபரேஷன் சொன்னாலும் பயப்படாதீர்கள்.

கத்தி வைக்கவே கூடாத கட்டியும் ஒன்று உண்டு, மூளைத்தண்டின் நடுப்பகுதியில் பரவி வரும் பான்டைன் கிளையோமா. அங்கே கட்டியும் நரம்பும் பின்னிக்கிடக்கும், எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், எந்த நாட்டில் சொன்னாலும், வீட்டை விற்றுப் போகாதீர்கள். கதிர்வீச்சு சில மாதம் நிம்மதி தரும், பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வருஷத்தைச் சுற்றியே வாழ்கிறார்கள். அந்த நாட்களைப் பிள்ளையோடு வீட்டில் கழிப்பது எப்படி என்று வலி நிவாரணக் குழுவோடு பேசுவதுதான் அப்போது செய்யக்கூடிய பெரிய காரியம்.

தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: சாக் என்ற குழந்தைப் புற்றுநோய் அறக்கட்டளை சிகிச்சை மையங்களுக்கு அருகில் பெற்றோரும் பிள்ளையும் தங்க இல்லங்கள் நடத்துகிறது, டர்பனிலும் உண்டு. வார்டு சமூக சேவகரிடம் கேளுங்கள்.

இனி ஃபீனிக்ஸ் தம்பிக்கு. உங்கள் மனைவியை டாக்டர்கள் அலட்சியம் செய்யவில்லை. மெனிஞ்சியோமா மூளையின் உறையில் வருவது, பெரும்பாலும் கேன்சர் இல்லை. கர்ப்பத்தில் ஹார்மோனும் உடம்பில் சேரும் நீரும் ரத்த ஓட்டமும் கூடுவதால் அது கொஞ்சம் வீங்கலாம், குறிப்பாகக் கடைசி மாதங்களில், பிரசவத்துக்குப் பின் பல பெண்களுக்குத் தானாகச் சுருங்கவும் செய்யும். கட்டி சின்னது, பார்வை சரி, கை கால் சரி, தெளிவாக இருக்கிறார், வலிப்பு மாத்திரையில் அடங்கிவிட்டது என்றால் பிரசவம் வரை காத்திருந்து, அதற்குப் பின் சில வாரம் கழித்து ஆபரேஷன் செய்வது உலகம் முழுக்க ஏற்ற வழி. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. குறித்த இடைவெளியில் கண் பரிசோதனை, தேவைப்பட்டால் மறு எம்.ஆர்.ஐ., மகப்பேறு டாக்டரும் நரம்பியல் அறுவை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதிய ஒரு திட்டம். அந்தத் திட்டத்தின் நகலை மனைவியின் கைப்பையில் வையுங்கள், இரவில் எந்த மருத்துவமனைக்கு ஓடினாலும் அங்கே புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை.

கருக்கலைப்பு பற்றி அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். கருவைக் கலைத்தால் கட்டி போகாது. தாயின் உயிரைக் காக்க வேறு வழி இல்லாத அரிதான நிலைமை உண்டு, ஆனால் அமைதியாக இருக்கும் மெனிஞ்சியோமா அந்த வகை இல்லை. இந்த நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 20 வாரத்துக்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து அல்லது கருவுக்குக் கடுமையான பாதிப்பு என்று மருத்துவர்கள் தீர்மானித்தால்தான் அது முடியும். இன்னொன்று, எந்த முடிவானாலும் சம்மதிக்க வேண்டியது உங்கள் மனைவி. கணவரோ மாமியாரோ இல்லை. அவர் மயக்கத்தில் இல்லாதவரை கையெழுத்து அவருடையது, ஆகவே டாக்டர் பேசும்போது அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு ஆண்கள் மட்டும் பேசும் பழக்கம் வேண்டாம்.

கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பின் வலிப்பு வந்தால் எந்த டாக்டரும் முதலில் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்ப்பார், எக்லாம்ப்சியா என்ற பிரசவ வலிப்பு இந்த நாட்டில் தாய்மார்களைக் கொல்லும் பெரிய காரணங்களில் ஒன்று. ரத்த அழுத்தம் சரியாக இருந்து வலிப்பு வந்தால், அல்லது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகும் வாந்தி நிற்காமல் தலைவலி கூடவே இருந்தால், மசக்கை என்று விட்டுவிடாமல் தலையை ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனுக்குப் பயந்து பெண்கள் மறுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை. தலைக்கு எடுக்கும் சி.டி.யில் கருவுக்குப் போய்ச் சேரும் அளவு 0.01 மில்லிகிரேக்கும் குறைவு, 50 மில்லிகிரேக்குக் கீழே கருவுக்குப் பாதிப்பு காணப்பட்டதில்லை. கடோலினியம் என்ற மாறுநிற ஊசியை மட்டும் தவிர்க்கப் பார்ப்பார்கள், கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் அதோடு குழந்தை இறப்பு கூடியிருந்தது. மாத்திரையில் லெவிடிரசிட்டாம், லாமோட்ரிஜின் இரண்டும் கர்ப்பத்தில் நல்லவை, இங்கே எபிலிம் என்ற பெயரில் கிடைக்கும் வால்ப்ரோயேட் கருவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும், பழைய சீட்டில் அது இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளைத் தெரிந்துவைத்திருங்கள். பார்வை மங்குவது, ஒரு பக்கக் கை கால் நாளுக்கு நாள் பலம் குறைவது, தூக்கக் கலக்கம், தலைவலியோடு பீறிட்டு வாந்தி, அடங்காத வலிப்பு. இதில் எது வந்தாலும் 10177க்கு, அல்லது செல்போனிலிருந்து 112க்கு அழையுங்கள். அப்போது எந்த வாரமானாலும் ஆபரேஷன் நடக்கும். பொதுவாக ஏறக்குறைய 34 வாரத்தைத் தாண்டியிருந்தால் முதலில் சிசேரியன், குழந்தையை எடுத்துவிட்டு அதே மயக்கத்திலோ சில நாள் கழித்தோ தலை. அதற்கு முன் என்றால் குழந்தை உள்ளே இருக்கும்போதே தலையைத் திறப்போம், 14 முதல் 26 வாரம் வரையான காலம் இதற்கு ஒப்பீட்டளவில் நல்லது. முன்கூட்டியே பிறக்க வாய்ப்பு இருந்தால் நுரையீரல் முதிர தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொன்னால் பயம் குறையும் என்று நம்புகிறேன். கர்ப்பிணியை மல்லாத்திப் படுக்கவைத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தித் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் குறையும், அதனால் இடது பக்கம் சாய்த்தே வைப்போம். சாதாரணமாக மூளையின் வீக்கத்தைக் குறைக்க மூச்சை வேகமாக ஓட்டிக் கரியமில வாயுவைக் குறைப்பது ஒரு வழி. கர்ப்பிணிக்கு ரத்தத்தில் அந்த வாயுவின் அளவு இயல்பிலேயே குறைந்து 30 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும், மேலும் இறக்கினால் கருப்பைக்குப் போகும் ரத்தம் சுருங்கும், ஆகவே அங்கே கையைக் கட்டிக்கொண்டுதான் வேலை. மூளை வீக்கத்தைக் குறைக்கும் மன்னிட்டால் மருந்தையும் குறைந்த அளவில்தான் கொடுப்போம். ரத்த அழுத்தம் கொஞ்சமும் விழக் கூடாது. குழந்தை வெளியே பிழைக்கக்கூடிய வாரத்தை அடைந்திருந்தால் இதயத்துடிப்பை ஆபரேஷன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம், சிசேரியன் குழு பக்கத்திலேயே தயாராக நிற்கும். தாய் தூங்கும்போது பிள்ளையும் தூங்கும், துடிப்பில் ஏற்ற இறக்கம் குறையும், அது மருந்தின் விளைவு. வழக்கமான அளவில் கொடுக்கும் மயக்க மருந்து எதுவும் மனிதக் கருவில் ஊனம் உண்டாக்கியதாக நிரூபணம் இல்லை.

பிரசவ முறையும் அழுத்தத்தைப் பொறுத்ததே. அழுத்தம் இல்லாத சின்னக் கட்டியோடு சுகப்பிரசவம் முடியும், கடைசியில் முக்குவதைக் குறைக்கக் கருவியால் உதவுவார்கள். தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் முதுகில் ஊசி போடுவதும் முக்குவதும் ஆபத்து, அப்போது முழு மயக்கத்தில் சிசேரியன். பிரசவ வார்டில் புதிதாக வரும் டாக்டர் எபிடூரல், அதாவது முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசி, போடலாமா என்று கேட்டால், "தலையில் கட்டி இருக்கிறது, திட்டம் இதோ" என்று அந்தத் தாளை நீட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இங்கே கிளினிக்குகளில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டு அனுப்புவார்கள், டெப்போ-ப்ரோவெரா. 2024இல் பிரான்ஸிலிருந்து வந்த பெரிய ஆய்வில், ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஊசி போட்டவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும் மெனிஞ்சியோமா ஐந்து மடங்குக்கு மேல் அதிகமாகக் காணப்பட்டது. கட்டி இல்லாத பெண்களுக்கு இந்த ஆபத்து மொத்தத்தில் சின்னதுதான், அவர்கள் பதற வேண்டாம். ஏற்கனவே மெனிஞ்சியோமா இருப்பவருக்கு அந்த ஊசி வேண்டாம். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போடச் சொல்லி, பிரசவத்துக்கு முன்பே கார்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இதற்கு முன் அவர் அந்த ஊசி எத்தனை வருஷம் போட்டார் என்பதையும் நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள்.